மணலுக்குள் ஆறு சங்கிலிகள்: வறண்ட ஓடையில் தரைப்பாலம் கட்டிய அனுபவம்

2022 மழைக்காலம் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பாதையில் ஓடை குறுக்கிடும் இடத்தில் மண்டிபோட்டு, தரைப்பாலத்தின் கீழ்ப்பக்க விளிம்பில், அதாவது தண்ணீர் தாண்டிப் போகும் பக்கத்தில், கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். விளிம்போடு ஒட்டி மணல் இருந்தது. கை உள்ளே போக இடமில்லை. இந்த வருடம் ஓடை மூன்று முறை ஓடியது. பாலம் அசையவில்லை.

2018இலிருந்து இது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டும் ஏன் போயின, மூன்றாவது நிற்பதற்கு முன்னால் மணலைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதையெல்லாம் நோட்டுப்புத்தகத்தில் குறித்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம். அரிசோனாவில் டூசான் நகரத்துக்கு மேற்கே டூசான் மலைகளைத் தாண்டினால் ஆவ்ரா பள்ளத்தாக்கு. மலையடிவாரத்திலிருந்து நிலம் மெல்லச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவு முழுக்க நகத்தால் கீறியதுபோல் சின்னச் சின்ன ஓடைகள். இங்கே அவற்றை ‘வாஷ்’ என்பார்கள். எங்கள் நிலத்தில் ஓடுவது 3.4 மீட்டர் அகலம், கரை உயரம் முக்கால் மீட்டர். வருடத்தில் நான்கைந்து நாள், அதிலும் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் மணல்தான். வருட மழை சுமார் 11 அங்குலம், அதில் பாதி கோடையில் பெய்வது. அதை இங்கேயும் மான்சூன் என்றே சொல்கிறார்கள். ஜூன் 15இல் தொடங்கி செப்டம்பர் 30இல் முடிவதாகக் கணக்கு.

நிலத்தை வாங்கும்போதே ஓடைக்குக் குறுக்கே 18 அங்குல நெளிதகரக் குழாய் ஒன்று புதைத்து, மேலே மண் போட்டுப் பாதை அமைத்திருந்தார்கள். 2018 ஆகஸ்டில் ஒரே மழை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குழாய்க்குள் முக்கால்வாசிக்கு மணல். தண்ணீர் பாதைக்கு மேலே ஏறி, ஒரு ஓரத்தை முழுக்க அறுத்துக்கொண்டு போயிருந்தது. 6 மீட்டர் நீளக் குழாயிலிருந்து மணலை வாரி எடுக்க இரண்டு வார இறுதிகள் ஆயின. நீளக் கம்பில் ஒரு தகர டப்பாவைக் கட்டி இழுத்து இழுத்து எடுத்தேன். எடுத்து முடித்த மூன்றாம் வாரம் மறுபடியும் மழை, மறுபடியும் நிரம்பியது. தண்ணீர் எவ்வளவு வரும் என்று மட்டும் கணக்குப் பார்த்துப் போட்ட குழாய் அது. தண்ணீரோடு என்ன வரும் என்று யாரும் பார்க்கவில்லை. 3.4 மீட்டர் அகலத்தில் பரந்து வரும் வெள்ளத்தை அரை மீட்டர் வாய்க்குள் திணித்தால் வாசலிலேயே தேங்கி நிற்கும். தேங்கிய இடத்தில் மணல் இறங்கிவிடும்.

சரி, குழாயே வேண்டாம், ஊரில் இருப்பதுபோல் தரைப்பாலம் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். பரமக்குடிப் பக்கம் வைகைக்குள் இறங்கி ஏறும் தரைப்பாலங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2019 வசந்தத்தில் குழாயைப் பிடுங்கிவிட்டு, 10 செ.மீ. கனத்தில் ஒரு கான்கிரீட் பலகை போட்டேன். ஓடையின் குறுக்கே 3.5 மீட்டர், ஓட்டத்தின் போக்கில் 3 மீட்டர். 80 பவுண்டு மூட்டை 62, எல்லாம் கையால் கலந்தது. மூட்டைகளுக்கு மட்டும் மொத்தம் 280 டாலர் ஆனது. கீழ்ப்பக்க விளிம்பின் அடியில், மணலுக்குள் 20 செ.மீ. ஆழத்துக்கு இறங்கும் ஒரு கால்சுவர். இதில் இரண்டு தவறு செய்தேன். கார் இறங்கி ஏறச் சௌகரியமாக இருக்கட்டும் என்று பலகையை மணல் மட்டத்தைவிட 15 செ.மீ. உயர்த்தி வைத்தது ஒன்று. 20 செ.மீ. போதும் என்று எந்த ஆதாரமும் இல்லாமல் நினைத்துக்கொண்டது இன்னொன்று.

அந்த செப்டம்பரில் வந்த வெள்ளம் பலகையின் மேல் ஏறி, கீழ்ப்பக்கம் சின்ன அருவிபோல விழுந்து, கால்சுவருக்கு அடியில் இருந்த மணலை வழித்துக்கொண்டு போனது. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து எரிவாயு லாரி ஏறியபோது பலகை நடுவில் பிளந்தது. உடைந்த துண்டைப் புரட்டிப் பார்த்தால் அடியில் ஒரு மீட்டர் தூரத்துக்கு வெறும் பொந்து.

கால்சுவர் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது அப்போதுதான் கேள்வியாக வந்தது. பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு அடி என்றார். லாரி ஓட்டி வந்தவர் நான்கு அடி என்றார். ஒரு அடி கூடினால் தோண்டும் வேலையும் கான்கிரீட்டும் எகிறும். குறைந்தால் மறுபடி பிளக்கும். வெள்ளம் வடிந்த பிறகு ஓடையைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. துடைப்பத்தால் பெருக்கியதுபோல் மட்டமாக, முந்தின நாள் இருந்த உயரத்திலேயே மணல் கிடக்கும். வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அடியில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் யாரும் உள்ளே இறங்கி அளக்க முடியாது.

இதற்கு ஒரு வழியை 1960களிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். நியூ மெக்சிகோவில் சான்டா ஃபே அருகே அரோயோ டி லோஸ் ஃப்ரிஹோலஸ் என்ற வறண்ட ஓடையில் லூனா லியோபோல்ட், வில்லியம் எம்மெட், ராபர்ட் மிரிக் ஆகிய மூவரும் பல வருடம் வேலை செய்து, 1966இல் அமெரிக்க நில ஆய்வுத் துறையின் அறிக்கையாக வெளியிட்டார்கள். ஓடையின் அடியில் சங்கிலிகளைச் செங்குத்தாகப் புதைத்தார்கள். கற்களுக்குப் பெயின்ட் அடித்து வரிசையாக வைத்தார்கள். ஓடைக்குள் முக்கியமான உபகரணம் இவ்வளவுதான். சங்கிலி எப்படி அளக்கும் என்றால், அதன் அடி நுனி ஆழத்தில் நங்கூரம் போட்டதுபோல் நிற்கும். வெள்ளம் மேல் மணலை வாரும்போது, வெளியே தெரியும் அளவுக்குச் சங்கிலி தளர்ந்து ஓட்டத்தின் திசையில் படுத்துவிடும். வெள்ளம் வடியும்போது வரும் மணல் அதை அப்படியே மூடிவிடும். பிறகு தோண்டிப் பார்த்தால் சங்கிலி ஓரிடத்தில் முழங்கைபோல் மடங்கியிருக்கும். அந்த மடிப்பு வரைக்கும்தான் மணல் போனது. மடிப்புக்கு மேலே இருப்பது எல்லாம் திரும்ப வந்து படிந்தது.

படித்ததும் ஆசை வந்துவிட்டது. 2020 ஜூனில் வேலையைத் தொடங்கினேன். பாலம் வரும் இடத்துக்கு 12 மீட்டர் மேலே ஒரு குறுக்கு வரிசை, 8 மீட்டர் கீழே இன்னொன்று. வரிசைக்கு மூன்று சங்கிலி. இரண்டு கரையிலும் முறுக்குக் கம்பி அடித்து, நூல் கட்டி, நூலிலிருந்து 20 செ.மீ.க்கு ஒரு இடத்தில் டேப்பைத் தொங்கவிட்டு மணல் மட்டத்தை அளந்தேன். டியூப் மட்டம் பிடித்துப் பார்த்ததில் 10 மீட்டர் நீளத்துக்கு 21 செ.மீ. இறக்கம் இருந்தது.

புதைக்கும் வேலையில்தான் தடுமாறினேன். சங்கிலியின் அடியில் ஒரு செங்கல்லைக் கட்டி, குழி தோண்டி இறக்கி, மூடிவிடலாம் என்பது என் திட்டம். காய்ந்த மணலில் குழி நிற்கவே இல்லை. முக்கால் மீட்டர் ஆழம் போவதற்குள் வாய் ஒரு மீட்டருக்குமேல் விரிந்தது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் காலை 5 மணியிலிருந்து 8 வரைதான் வேலை. ஆறு குழிக்கு நான்கு காலைகள் போயின. அப்புறம் மழைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அந்த 2020 மான்சூனில் டூசானில் பெய்தது மொத்தம் 1.62 அங்குலம், பதிவானவற்றில் இரண்டாவது மிக வறண்ட மழைக்காலம். எங்கள் ஓடை ஒரு முறைகூட ஓடவில்லை.

ஆகஸ்டில் ஒரு சின்னத் தூறல் பெய்து மணல் நனைந்தது. மறுநாள் பார்த்தால் நான் தோண்டி மூடிய ஆறு இடங்களிலும் கிண்ணம்போல் 4, 5 செ.மீ. பள்ளம். இளகிய மணல் அமுங்கியிருக்கிறது. வெள்ளம் வந்திருந்தால் அந்த இளக்கமான இடங்களைத்தான் முதலில் அரித்திருக்கும். சங்கிலி காட்டியிருக்கும் ஆழம் ஓடையுடையதாக இருந்திருக்காது, என் குழியுடையதாகத்தான் இருந்திருக்கும். மழை பொய்த்ததால் ஒரு தவறான கணக்கிலிருந்து தப்பினேன்.

ஊருக்குப் போன் பேசும்போது சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். வைகை மணலில் ஊற்றுத் தோண்டியே வயலுக்குத் தண்ணி பார்த்தவர் அவர்.

“ஏப்பா, மணல்ல வெறுங்குழி எங்க நிக்கும்? உறை இல்லாம எறக்குனா சரிஞ்சுகிட்டேதான் இருக்கும். உறையை எறக்கு, உள்ள வேலையப் பாரு, அப்புறம் உறையை உருவிடு” என்றார்.

உறைகிணறு இறக்குகிற முறைதான். எனக்குத் தேவைப்பட்டது அதில் ஒரு சங்கிலி நுழையும் அளவுக்கு ஒல்லியான உறை. அறிவியல் ஆட்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான் என்று பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது. சித்தப்பா ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

2021 ஜூனில் மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய், 5 அடி நீளம், மேலே திருகு மூடி. இதுதான் உறை. 3/16 அங்குல முலாம் பூசிய சங்கிலி, 4 அடித் துண்டாக ஆறு. பத்து வளையத்தை நீட்டிப் பிடித்து அளந்தேன், 24 செ.மீ. ஆக ஒரு வளையம் 2.4. நங்கூரத்துக்கு 20 மி.மீ. இரும்பு ஆங்கிளை 12 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு நுனியைக் கூராக்கி, நடுவில் துளைபோட்டு, ஷேக்கிள் என்ற U வடிவக் கொக்கியை மாட்டி அதில் சங்கிலியைக் கோத்தேன். ஆங்கிளின் பின்பாதி குழாயின் வாய்க்குள் செருகி நிற்கும், கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சங்கிலி முழுக்கக் குழாய்க்குள் இருக்கும். ஒரு வாளித் தண்ணீரை மணலில் ஊற்றி ஊறவிட்டு, குழாயை நிமிர்த்திப் பிடித்து, சம்மட்டியால் மூடியின் மேல் அடித்து இறக்கினேன். வேண்டிய ஆழம் வந்ததும் குழாயை மட்டும் திருகித் திருகி உருவினால் ஆங்கிள் கீழேயே தங்கிவிடும். சங்கிலியைச் சுண்டி இழுத்தால் அது மணலுக்குள் குறுக்காகத் திரும்பி மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு இரண்டு கையால் இழுத்தாலும் வரவில்லை. மேலே 10 செ.மீ. விட்டுவிட்டு மீதியை வெட்டிவிட்டேன். ஒரு சங்கிலிக்கு இருபது நிமிடம். போன வருடம் நான்கு காலை பிடித்த வேலை ஒரே காலையில் முடிந்தது.

ஆறு இடத்திலும் குழாய் 70, 75 செ.மீ.யில் ‘ணங்’ என்று நின்றது. கீழே கலிச்சி. சுண்ணாம்பு இறுகிக் கட்டியான வெள்ளைத் தட்டு, இந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் வரும். சம்மட்டி எகிறி என் கட்டைவிரலைப் பார்த்ததும் அங்கேதான். ஓடை எவ்வளவு அரித்தாலும் ஒரு வெள்ளத்தில் இதைத் தாண்டாது என்பது அப்போதே குறிப்பில் ஏறிவிட்டது.

செலவு: சங்கிலி 34 டாலர், குழாயும் மூடியும் 26, ஆங்கிளும் ஷேக்கிளும் 24, கரைக்கம்பிகள் 16. மொத்தம் சரியாக 100.

இதோடு 60 கற்கள். சின்னது 2, 3 செ.மீ., நடுத்தரம் 5, பெரியது 8இலிருந்து 10. அளவுக்கு இருபது. மகள் ஒவ்வொன்றுக்கும் ஸ்ப்ரே பெயின்ட் அடித்து எண் எழுதினாள். மேல் வரிசையில் குறுக்காக அடுக்கினோம். ஒரு 5 காலன் வாளியையும் கழுத்துவரை புதைத்து, மூடியில் 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டி வைத்தேன். அடியோடு உருண்டு வரும் மணல் அதில் விழும் என்று எதிர்பார்ப்பு.

அந்த ஜூலையைப் பற்றி டூசானில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே மாதத்தில் 8.06 அங்குலம் பெய்தது. இந்த நகரத்தில் பதிவான மாதங்களிலேயே அதிக மழை அதுதான். எங்கள் ஓடைக்கு முதல் பெரிய வெள்ளம் ஒரு மாலை ஐந்தரைக்கு வந்தது. மலைப்பக்கம் ஒரு மணி நேரமாக இருட்டிக் கிடந்தது. காற்றில் கிரியோசோட் புதரின் வாசனை, மழைக்கு முன்னால் வருமே அது. எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழவில்லை.

தண்ணீர் சுவர்போல் வரும் என்று நினைத்துக் கரையில் நின்றோம். வந்தது ஒரு பழுப்பு நாக்கு. முன்னால் நுரை, சுள்ளி, காய்ந்த இலை, முயல் புழுக்கை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் பாதித் தண்ணீரை மணல் குடித்தது. நாக்கு நின்று, பின்னாலிருந்து தண்ணீர் வந்து தள்ளி, மறுபடி நகர்ந்தது. டூம்ஸ்டோனுக்கு அருகே வால்நட் கல்ச் என்ற ஓடைப் படுகையில் 1950களிலிருந்து விவசாயத் துறை ஆராய்ச்சியாளர்கள் அளந்து வருவதில் முக்கியமான ஒன்று இந்தக் குடிப்புதான். மேலே புறப்பட்ட வெள்ளத்தில் பெரும்பகுதி வழியிலேயே மணலுக்குள் போய்விடும். 

இருபது நிமிடத்தில் நிலைமை மாறிவிட்டது. கரைக்கம்பியில் போட்ட கோட்டை வைத்துப் பார்த்தால் நடுவில் 40 செ.மீ. ஆழம். மகள் ஒரு சுள்ளியை எறிந்து 10 மீட்டருக்கு நேரம் பார்த்தாள், 5 நொடி. ஓடையின் நடுவில் வரிசையாக அலைகள் எழும்பின. உயர்ந்து உயர்ந்து, உச்சியில் உடைந்து, மறுபடி எழுந்தன.

“அப்பா, அலை எதிர்ப்பக்கம் போகுது பாருங்க!” என்றாள் மகள்.

உண்மைதான். தண்ணீர் மேற்கே போக, அலை மெல்ல மெல்லக் கிழக்கே ஏறியது. அலை தண்ணீரின் மேலே இருந்தாலும் அதன் அச்சு அடியில் இருக்கும் மணல் மேடு. அந்த மேடு தன் கீழ்ச்சரிவில் மணலை இழந்து மேல்சரிவில் வாங்கிக்கொண்டே பின்னோக்கி நகர்கிறது. அப்படியானால் கீழே தரை என்று நிலையாக ஒன்றும் இல்லை, முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. கரையில் கால் ஊன்றி நின்றபோது கற்கள் ஒன்றோடொன்று மோதும் ‘கடகட’ சத்தம் காதில் விழுவதற்கு முன்பே உள்ளங்காலில் தெரிந்தது. ஏழு மணிக்கெல்லாம் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் ஓட்டம் இருந்தது.

காலையில் பார்த்தால் பழைய ஓடையே. நூல் கட்டி அளந்ததில் மேல் வரிசையில் மட்டம் சராசரியாக ஒன்றரை செ.மீ.கூட மாறவில்லை. சங்கிலி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இடது கரைக்கம்பியிலிருந்து 85, 170, 255 செ.மீ. என்று குறித்து வைத்திருந்ததால் நேராக அங்கே தோண்டினேன். மண்வெட்டி வேண்டாம், சங்கிலியைத் தட்டி இடம் மாற்றிவிடும். கொத்தனார் கரண்டியும் கையும்தான்.

நடுச் சங்கிலி 25 செ.மீ. ஆழத்தில் அகப்பட்டது. ஈர மணலுக்குள் விரலை விட்டு வளையம் வளையமாகத் தடவிப் போனேன். படுத்திருந்த பகுதி ஓட்டத்தின் திசையில் நேர்கோடாக, யாரோ பார்த்துப் பார்த்து நீட்டி வைத்ததுபோல் இருந்தது. முதலிலேயே வெளியே விட்டிருந்த 10 செ.மீ. போக, பதினோராவது வளையத்துக்கு அப்புறம் சட்டென்று செங்குத்தாகக் கீழே இறங்கியது. அந்த மடிப்பில் விரல் வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நேற்று மாலை ஆறு மணிவாக்கில் ஓடையின் தரை இங்கே இருந்திருக்கிறது. எனக்கு இது வெறும் எண்ணாகத் தோன்றவில்லை.

மேல் வரிசையில் இடது ஓரம் 9 வளையம், நடு 11, வலது 6. அதாவது 22, 26, 14 செ.மீ. மேலே மூடியிருந்த மணல் 20, 25, 15. போன அளவுக்கே திரும்ப வந்திருக்கிறது. ஓடையின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.7 கன மீட்டர், ஒரு டன்னுக்கும் மேலான மணல், எழுந்து நகர்ந்து வேறு மணலால் ஈடு செய்யப்பட்டிருக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சங்கிலி காட்டுவது அதிகபட்ச ஆழத்தை மட்டும்தான். கீழ் வரிசையில் 12 வளையம், 14 வளையம். மூன்றாவது அகப்படவே இல்லை.

வாளி நிரம்பி வழிந்திருந்தது. வெள்ளத்தின் முதல் சில நிமிடத்திலேயே நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன், அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் நஹால் யாதிர் என்ற ஓடையில் ஜொனதன் லரோனும் இயன் ரீடும் வைத்த குழிப்பெட்டிகள் அடியில் நீர் நிரப்பிய தலையணைமேல் உட்கார்ந்திருக்கும். மணல் விழ விழ எடை ஏறுவது அழுத்தமாகப் பதிவாகும். நேரம் தெரிந்தால்தான் வாளிக்கு அர்த்தம். அவர்கள் 1993இல் சொன்னது, ஈர நாடுகளில் வருடம் முழுக்க ஓடும் ஆறுகளைவிட இந்தப் பாலைவன ஓடைகள் அடிமணலையும் கல்லையும் நகர்த்துவதில் 400 மடங்கு வரை திறன் கூடியவை என்று. காரணம் மேல்தோல் இல்லாதது. நிரந்தர ஆற்றில் சிறுகல்லும் மணலும் மெல்ல அரித்துப்போய், மேலே பெரிய கற்கள் கவசம்போல் தங்கிவிடும். இங்கே வெள்ளம் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, அப்படிச் சலித்தெடுக்க அதற்கு அவகாசம் இல்லை. எங்கள் ஓடையிலும் அப்படித்தானா என்று கால் அங்குலக் கம்பிவலையில் சலித்துப் பார்த்தேன். மேல் 5 செ.மீ.யில் வலையில் நின்றது எடையில் 31 சதவீதம், அடியில் 20 செ.மீ. கீழே எடுத்ததில் 34. கவசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

கற்களில் 38 அகப்பட்டன. பெயின்ட் பாதிக்குமேல் உரிந்து போயிருந்தது. ஒரு கல்லில் எண் மட்டும் மிச்சம், இன்னொன்றில் குழிவுக்குள் ஒரு பொட்டு நீலம். அதிகத் தூரம் போனது 71 மீட்டர். சின்னக் கல்தான் தூரம் போகும் என்று மகள் பந்தயம் கட்டியிருந்தாள். அப்படி ஒரு ஒழுங்கு தெரியவில்லை. 9 செ.மீ. கல் ஒன்று 64 மீட்டர் போயிருந்தது, கொட்டைப்பாக்கு அளவுக் கல் ஒன்று 7 மீட்டரில் புதைந்து கிடந்தது. கற்களை மணல்மேல் சும்மா வைத்தது என் தவறு. ஓடையின் சொந்தக் கற்கள் பாதி புதைந்து, பக்கத்துக் கல்லோடு மாட்டிக்கொண்டு இருக்கும். என்னுடையவை முதல் தண்ணீரிலேயே கிளம்பியிருக்கும்.

சங்கிலிகளை நிமிர்த்தி மறுபடி வைத்துவிட்டேன். அந்த மழைக்காலம் 12.79 அங்குலத்தோடு முடிந்தது, பதிவில் மூன்றாவது அதிகம். இடையில் ஓடை எத்தனை முறை ஓடியது என்ற எண்ணிக்கை நான்கோடு விட்டுப்போனது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நிமிர்த்தியிருக்க வேண்டும். வேலை நாட்களில் முடியவில்லை. ஆகவே அக்டோபரில் தோண்டியபோது கிடைத்தது எல்லா வெள்ளத்திலும் ஆழமானது எதுவோ அதன் அளவு மட்டும்: கீழ் வரிசையில் 17 வளையம், 41 செ.மீ. பாலத்துக்கு எனக்கு வேண்டியதும் அந்த எண்தான். நேரான, தடையில்லாத ஓடையிலேயே 41. கான்கிரீட்டின் விளிம்பில் இன்னும் கூடத்தான் போகும். 2019இல் நான் வைத்தது 20.

கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் விசாரித்து, வேண்டிய அனுமதியை வாங்கி, நவம்பரில் கட்டினேன். கீழ்ப்பக்கக் கால்சுவர் 75 செ.மீ., கலிச்சியில் 8 செ.மீ. பதியும்படி. அதற்கு இடிக்கும் இயந்திரம் ஒரு நாள் வாடகை 75 டாலர். மேல்பக்கச் சுவர் 45 செ.மீ. பலகை 15 செ.மீ. கனம், 30 செ.மீ.க்கு ஒரு முறுக்குக் கம்பி. ரெடிமிக்ஸ் லாரியில் மூன்றேகால் கன கெஜம், குறைந்த அளவுக்கான கூடுதல் கட்டணத்தோடு 640. கம்பி 140. கீழ்ப்பக்கம் இரண்டரை மீட்டருக்குத் துணிவிரிப்புப் போட்டு, அதன்மேல் 25இலிருந்து 40 செ.மீ. வரையான கற்கள் 3 டன், 180. எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். முக்கியமானதற்குச் செலவே இல்லை: பலகையின் மேல்முகத்தை ஓடையின் மட்டத்துக்கே வைத்தேன், நடுவில் 6 செ.மீ. குழிவாக. மணல் நிற்க ஒரு படியும் இல்லை, தண்ணீர் விழ ஒரு அருவியும் இல்லை. கார் கொஞ்சம் ஆழமாக இறங்கி ஏறுகிறது. அது பழகிவிட்டது. தண்ணீர் ஓடும்போது யாரும் கடப்பதில்லை, ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும்.

2022இல் மூன்று முறையும் பலகைமேல் இரண்டு விரல் கனத்துக்கு மணலை விட்டுப் போனது. மண்வெட்டியால் பத்து நிமிட வேலை. கற்களில் நான்கு நகர்ந்திருந்தன, இழுத்து வைத்தேன்.

மறுபடி செய்வதாக இருந்தால் வரிசைக்கு மூன்று சங்கிலி போதாது, ஐந்து வேண்டும். வலது ஓரத்துக்கும் நடுவுக்கும் 12 செ.மீ. வித்தியாசம் இருக்கும்போது இடையில் என்ன நடந்தது என்பது தெரியவில்லை. கற்களைத் துளைத்துச் சின்னக் காந்தம் வைத்து எபாக்சியால் மூட வேண்டும். நெகேவில் நஹால் ஹெப்ரோன் என்ற ஓடையில் 1980களில் அப்படிச் செய்து, புதைந்த கற்களைக்கூட தோண்டாமல் கருவியால் கண்டுபிடித்தார்கள். கற்களை வைக்கும்போது ஓடையின் கல் ஒன்றைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்திலேயே என் கல்லைப் பதிக்க வேண்டும். வாளியை விட்டுவிடுவேன்.

கீழ் வரிசையின் மூன்றாவது சங்கிலி இன்னும் அகப்படவில்லை. நண்பரின் உலோகம் காட்டும் கருவியை வாங்கி அடுத்த மாதம் ஒருமுறை தேடப் போகிறேன். போன வாரம் பக்கத்து நிலத்துக்காரர் கூப்பிட்டு, அவர் வேலிக்கருகே மெஸ்கீட் மரத்தின் வேரில் ஒரு கல் மாட்டியிருக்கிறது, எண் தெரிகிறது என்றார். மகளும் நானும் டேப்பை எடுத்துக்கொண்டு போனோம். நீலம், நடுத்தர அளவு, 37. மேல் வரிசையிலிருந்து 183 மீட்டர். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள், அழிந்துபோயிருந்த 7 என்ற எண்ணை மறுபடி எழுதி, கல்லை அதே வேரிலேயே வைத்துவிட்டு வந்தோம்.